சென்னைத் தீம் பார்க்கில் ஒரு நாள்: விடுமுறையில் ஊர் வரும் குடும்பங்களுக்கு

விடுமுறைக்கு ஊர் வந்தால், குலதெய்வம் கோயில், கல்யாணம், வங்கி வேலை, பத்திர வேலை என்று பெரியவர்களின் அலுவல்களே நாட்களை விழுங்கிவிட, பிள்ளைகளுக்கென்று மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான். அந்த நாளைத் தீம் பார்க்கில் கழிக்க முடிவு செய்தால், எத்தனை ரைடு ஏறலாம் என்று கணக்குப் போடுவதைக் காட்டிலும், அத்தை, மாமா, சித்தி வீட்டுப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகள் எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கலாம் என்று பார்த்துத் திட்டமிடுங்கள். கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு நோக்கத்திலிருந்து வருபவை.

சென்னையில் பூங்காக்களுக்குக் குறைவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி.யும், அதே சாலையில் இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்.மும், பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை ஒட்டி குயின்ஸ்லாந்தும் நெடுங்காலமாக இருக்கின்றன. திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. பெரிய ரோலர் கோஸ்டர்களைக் கேட்கும் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் வொண்டர்லாவைத் தேர்ந்தெடுங்கள். குடும்பத்தில் சிறு குழந்தைகளும் முதியவர்களும் மிகுதியென்றால், கடற்கரையை ஒட்டிய பழைய பூங்காக்களே வசதி என்பது என் கருத்து.

பூங்காவைவிட முக்கியமானது தேதி. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே நீண்ட விடுமுறை. அந்த மாதங்களில் தமிழ்நாட்டில் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும் என்பதால், செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதேனும் ஒரு நாள் போனால் வரிசையில் நிற்கும் நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகளும் அன்று பள்ளியில் இருப்பார்கள் என்ற சிக்கல் இதிலேயே இருக்கிறது. ஒரு நாள் விடுப்பு எடுக்க அவர்களின் பெற்றோர் இசைவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். தேர்வு நடக்கும் வாரமாக இருந்தால் வற்புறுத்தாதீர்கள். அப்போது சனிக்கிழமைக் கூட்டத்தை ஏற்றுக்கொண்டு, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்வதுதான் சரி. டிசம்பரில் வருபவர்களுக்கு நிலைமை வேறு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை இங்கும் அரையாண்டு விடுமுறை; போதாததற்கு வடகிழக்குப் பருவமழையின் வால் பகுதி. மழையும் இடியும் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பொங்கலுக்கு இருப்பவர்கள் காணும் பொங்கலன்று மட்டும் எந்தப் பூங்காவுக்கும் போக வேண்டாம். அன்று ஊரே வெளியில் இருக்கும். மே மாதத்தில் கத்திரி வெயிலும் கோடை விடுமுறையும் சேர்ந்துகொள்வதால், குளிர்நாட்டில் வளர்ந்த பிள்ளைகளை அப்போது அழைத்துப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வந்து இறங்கிய முதல் மூன்று நாட்களையும் ஒதுக்கிவிடுங்கள். கோடையில் டொராண்டோவுக்கும் சென்னைக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்த குழந்தை, பூங்கா களைகட்டும் பிற்பகலில் தோளில் சாய்ந்து தூங்கிவிடும்.

அடுத்தது பணம், இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பதினைந்து பேர் போகும்போது நுழைவுச்சீட்டு, நீச்சலுடை, லாக்கர், சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குக் கனமான தொகையாகும். வாசலில் போய் நின்றால் உங்கள் அண்ணனோ மச்சானோ முந்திக்கொண்டு பணத்தை எடுப்பார். விருந்தாளியைச் செலவு செய்ய விடுவது அவருக்குக் கௌரவக் குறைவு. அந்த நெருக்கடியை அவருக்கு ஏற்படுத்தாமல், எல்லாருக்குமான சீட்டுகளையும் முந்தைய வாரமே இணையத்தில் எடுத்துவிட்டு, “பிள்ளைகளுக்கு என் அன்பளிப்பு” என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு வங்கி அட்டையை எல்லா இணையதளங்களும் ஏற்பதில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணைக் கொண்டே யு.பி.ஐ. வசதியைப் பெறலாம், ஊருக்குக் கிளம்புமுன் அதை வங்கியில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் உறவினர் ஒருவரை எடுக்கச் சொல்லி, அன்றைக்கே பணத்தை அவர் கையில் சேர்த்துவிடுங்கள்.

வரிசையைத் தாண்டிப் போகக் கூடுதல் கட்டணச் சீட்டு விற்கும் பூங்காக்கள் உண்டு. ஓராண்டு நேரமில்லை என்று எங்கள் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் அதை வாங்கினேன். என் தங்கை மகன் பொது வரிசையில் நின்று, இவர்கள் தனிவழியில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வாங்கினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்குங்கள். முடியாதென்றால் எல்லாரும் வரிசையிலேயே நிற்கட்டும். முன்பின் அறியாத பிள்ளைகள் பேசிப் பழகுவது பெரும்பாலும் அந்த வரிசையில்தான். மேலும், பல இடங்களில் வயதைவிட உயரத்தையே பார்க்கிறார்கள். வேகமான ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. கேட்பார்கள். வீட்டிலேயே எல்லாரையும் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டால், யார் எதில் ஏறலாம் என்பது முன்பே தெரிந்துவிடும்; வாசலில் ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டு திரும்ப நேராது.

நீர் விளையாட்டுகளுக்கு நைலான் போன்ற செயற்கை இழை உடைதான் அனுமதி. புடவை, சுடிதார், ஜீன்ஸ், பருத்திச் சட்டை எதற்கும் இடமில்லை. இது தெரியாமல் வந்த பெண்கள் கரையிலேயே உட்கார்ந்துவிடுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். முழுக்கையும் முழுக்காலும் கொண்ட நீச்சலுடைகளைத் தி.நகரிலேயே வாங்கலாம். அண்ணி, அக்கா, தங்கை எல்லாருக்கும் அளவு கேட்டு முன்பே வாங்கி வைத்தால், வெட்கத்தை விட்டு அவர்களும் அலைக்குளத்தில் இறங்குவார்கள். நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் உடைக்கு உட்புறமாக ஊக்கு குத்திக்கொள்ளலாம். நண்பகலில் நீர்ப்பகுதித் தரை வெறுங்காலில் சுடும் என்பதால், சிறு குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். பாட்டி கட்டித் தரும் புளியோதரை வண்டியிலேயே இருக்கட்டும். மாலையில் வெளியே வந்ததும் அதற்கு நிகரான விருந்து வேறில்லை. உடலின் நீரிழப்பை ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலங்கள் சிலவற்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்களை நாமாக வீட்டில் விட்டுவிடாமல், வருகிறார்களா என்று கேட்க வேண்டும். முட்டுக்காட்டுப் பக்கம் போவதாக இருந்தால், அருகிலேயே பழைய செட்டிநாட்டு வீடு முதலியவற்றைப் பெயர்த்தெடுத்து நிறுவியிருக்கும் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அவர்கள் நிழலில் ஆறஅமரச் சுற்றலாம். செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை.

போகும்போது செயலி வழியாக வாடகைக் கார் கிடைத்துவிடும். மாலையில் புறநகரிலிருந்து திரும்புவதற்குக் கிடைப்பது கடினம். எனவே நாள் முழுவதற்கும் ஒரு வேன் பேசுங்கள். ஓட்டுநர் பேட்டா வாடகையில் அடங்குமா, தனியா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அவரது மதியச் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு மாலையில் கடற்கரைச் சாலை சென்னையை நோக்கி நத்தை வேகத்தில்தான் நகரும். பூங்கா மூடும்வரை இருந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் சாலையில் இறங்குவதில் நீங்களும் மாட்டுவீர்கள் என்பதால், ஒரு மணி நேரம் முன்னதாகவே பிள்ளைகளை உடைமாற்றச் சொல்லிவிட்டு, கோவளம் கடற்கரையோரம் வண்டியை நிறுத்திப் புளியோதரையைப் பிரியுங்கள். ஈர உடைகளுக்கென்று இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகள் இருந்தால் வண்டி இருக்கைகள் நனையாது.