மனநிலையை அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே அளப்பது எப்படி?

"போன வாரம் எவ்வளவு பதற்றம் இருந்தது?" என்று ஆய்வில் பங்கேற்பவரிடம் கேட்டால் மோசமான ஒரு நாளும் நேற்றைய மனநிலையும்தான் பதிலாக வரும். அதனால் அந்தந்த நேரத்திலேயே கேளுங்கள். 1970களில் உளவியலாளர் சிக்சென்ட்மிஹாயி பேஜரை வைத்துச் செய்ததுதான் இது, இப்போது போனே போதும்.

விழித்திருக்கும் நேரத்தில் நாலைந்து முறை, முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி அழைப்பு போகட்டும். கேள்விகள் "இப்போது" பற்றியதாக, இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

காகித டைரியை மட்டும் நம்பாதீர்கள். ஆய்வாளர் ஆர்தர் ஸ்டோன் குழு 2002இல் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு, எப்போது திறக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒளி உணரி மறைத்துவைத்த டைரியைக் கொடுத்துப் பார்த்தது, பதிவுகளில் 90 சதவீதத்தைச் சரியான நேரத்தில் எழுதியதாகக் குறித்திருந்தார்கள், உண்மையில் 11 சதவீதம்தான். பதில் வந்த நேரம் தானாகப் பதிவாக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அப்புறம், பதில் வராத இடங்களைத் தூக்கிப் போடாதீர்கள், மிகவும் சோர்ந்திருந்த வேளைகள் அங்கேதான் இருக்கக்கூடும். அலசும்போது ஒருவரை அவருடைய சொந்தச் சராசரியோடு ஒப்பிடுங்கள், மற்றவர்களோடு ஒப்பிடுவது வேறு கேள்வி.

இருப்பிடத் தகவல் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். பெயரை நீக்கினாலும், இரவில் போன் எங்கே இருக்கிறது என்பதே வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.