வாட்ச் பிராண்டுகளின் 'கௌரவப் பட்டியலை' எப்படிப் படிப்பது?

அப்பா வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் நான்கு வருடம் வீடு வீடாகப் போய் சர்வே எடுத்தேன். அதனால் 'உலகின் கௌரவமான வாட்ச் பிராண்டுகள்' என்று ஒரு பட்டியல் கண்ணில் பட்டால், முதலிடம் யாருக்கு என்று பார்க்க மாட்டேன். நேராகக் கடைசியில் பொடி எழுத்தில் இருப்பதைத் தேடுவேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

யாரிடம் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள். வசதியானவர்களிடம் கேட்டோம் என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. பணம் இருப்பது வேறு, வாட்ச் தெரிந்திருப்பது வேறு. பிராண்டுப் பெயர்கள் எழுதிய சர்வே அட்டையை நீட்டினால் பலருக்கு 'தெரியாது' என்று சொல்லக் கூச்சம். ஒரு டீத்தூள் சர்வேயில், சரிபார்ப்பதற்காக இல்லாத பெயர் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். ஒரு பெரியவர் அதற்குப் பத்துக்கு எட்டு கொடுத்தார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. பெயர் காதுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது இன்னும் முக்கியம்: ஒவ்வொரு பிராண்டுக்கும் எத்தனை பேர் மதிப்பெண் போட்டார்கள்? பிராண்டு தெரிந்தவர்களிடம் மட்டுமே மதிப்பெண் கேட்பது வழக்கம். ஒரு கணக்குக்கு, 1,000 பேரில் 900 பேருக்கு ரோலெக்ஸ் தெரியும் என்று வையுங்கள். அவர்களில் பிடித்தவரும் இருப்பார், பிடிக்காதவரும் இருப்பார். ஜெர்மனியின் லாங்கே என்ற பிராண்டை 40 பேருக்குத்தான் தெரியும். அவர்கள் தேடிப்போய்த் தெரிந்துகொண்டவர்கள், அள்ளித்தான் கொடுப்பார்கள். சராசரி எடுத்தால் அந்த 40 பேரின் பிரியம் 900 பேரின் கருத்தைத் தாண்டிவிடும். அதில் நாலு பேர் மனம் மாறினாலே வரிசை மாறலாம். இந்த எண்ணிக்கையைப் போடாத பட்டியலை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

சரி, 'கௌரவம்' என்று எதைக் கேட்டார்கள்? விலையையா, எளிதில் கிடைக்காததையா, உள்ளே இருக்கும் வேலையையா? "மூடியைத் திறந்து பார்த்துட்டுப் பேசு" என்பார் அப்பா. 1972-ல் வந்த ஓடமார் பிகேயின் ராயல் ஓக், 1976-ல் வந்த பாடெக் ஃபிலிப்பின் நாட்டிலஸ், 1977-ல் வந்த வாஷ்ரோன் கான்ஸ்டன்டினின் 222 என்று மூன்று நிறுவனங்களின் வாட்சுகள், மூன்றின் மூடியையும் திறந்தால் அடிப்படை ஒரே இயந்திரம்தான். ஜேகர்-லெகூல்ட்ர் என்ற வாட்ச் நிறுவனம் உருவாக்கிய '920' என்ற இயந்திரம். மூவரும் அவரவர் பாணியில் மெருகேற்றினார்கள், அந்த உழைப்பு உண்மையானது. ஆனால் உருவாக்கிய நிறுவனத்தைப் பட்டியல் கீழே வைத்திருந்தால், அங்கே அளந்தது வேலைப்பாட்டை இல்லை.

சர்வேக்குப் பணம் கொடுத்தது யார், எந்தெந்த பிராண்டுகள் அவர்களுக்குச் சொந்தம் என்றும் பாருங்கள். போட்டி போடுவதுபோல் தெரியும் பெயர்கள் பல ஒரே வீட்டுப் பிள்ளைகள்: ஒமேகாவும் பிரெகேயும் ஸ்வாட்ச் குழுமம்; வாஷ்ரோன், லாங்கே, ஜேகர்-லெகூல்ட்ர் மூன்றும் ரிஷ்மோன் குழுமம்.

அப்புறம், அளக்கக்கூடியதைக் கேளுங்கள். வாட்ச் எவ்வளவு துல்லியமாக ஓடுகிறது என்று பார்க்கும் சுவிஸ் குரோனோமீட்டர் சோதனை 15 நாள் நடக்கும். நாளுக்குச் சராசரியாக 4 வினாடிக்கு மேல் பின்தங்கவோ 6 வினாடிக்கு மேல் முந்தவோ கூடாது. ஜப்பானின் கிராண்ட் செய்கோ தன் இயந்திர வாட்சுகளை 17 நாள் சோதிக்கிறது. கடையில் கையில் கட்டிப் பாருங்கள். சர்வீஸ் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, என்ன செலவு, திரும்பக் கிடைக்க எத்தனை வாரம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.