இலைமணி மாலை: முதலில் துளையைப் பாருங்கள்

இலை வடிவ மணி வாங்கும்போது பலரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது துளை. காம்புப் பக்கத்தில் இடமிருந்து வலமாகத் துளை ஓடினால் அப்படியே கோர்க்கலாம், இலை முகம் காட்டித் தொங்கும். முன்னிருந்து பின்னாகத் துளை இருந்தால், நேராகக் கோர்த்த இலை விளிம்பைத்தான் காட்டும். அதற்குத் திறந்து மூடும் 5 மி.மீ. கம்பி வளையம் தேவை. ஆனால் அந்த வளையம் சிறு பாசிமேல் வழுக்கி ஏறிவிடும். அதனால் இரு பக்கமும் 4 மி.மீ. மணி வையுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கம் போனால் ஸூலு மணிவேலைக்கான கண்ணாடிப் பாசியைப் பார்க்கலாம். அதில் எட்டாம் நம்பர் (சுமார் 3 மி.மீ.) இந்த மாலைக்குப் பொருந்தும். துளை கோணலாக இருப்பதையும் ஓரம் உடைந்ததையும் முதலிலேயே ஒதுக்குங்கள். உடைந்த ஓரம் கோர்க்கும் கம்பியின் நைலான் பூச்சை அறுத்துவிடும்.

44 செ.மீ. மாலைக்கு: பக்கவாட்டுத் துளையுள்ள 12×7 மி.மீ. இலை 11, நீளவாக்கில் துளையுள்ள 10 மி.மீ. சொட்டுமணி 4, 0.38 மி.மீ. நைலான் பூசிய எஃகுக் கம்பி 60 செ.மீ., 50 மி.மீ. ஹெட்பின் (ஒரு முனையில் தலையுள்ள கம்பி ஊசி) 4, 2 மி.மீ. கிரிம்ப் குழாய் (நெரித்துக் கம்பியைப் பிடிக்க வைக்கும் சிறு உலோகக் குழாய்) 2, கொக்கி, வளையம். டர்பனின் உப்புக்காற்றிலும் வியர்வையிலும் முலாம் சீக்கிரம் கறுக்கும். கொக்கிக்காவது துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்.

தொங்கலை முதலில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்பின்னில் ஒரு சிறு பாசி (சொட்டுமணியின் துளை பெரிதானால் பின்னின் தலை உள்ளே நழுவும், அதைத் தடுக்க), பிறகு சொட்டுமணி, மேலே எட்டாம் நம்பர் பாசி 4. இந்த நான்கும் இல்லாவிட்டால் சொட்டு, இலைகளுக்கு இடையில் சிக்கி நிற்கும். இருந்தால் இலை நுனிக்குக் கீழே இறங்கிவிடும். 2 மி.மீ. விட்டு ஹெட்பின்னை மடக்கி, உருண்டைமூக்குக் குறடால் 2 மி.மீ. வளையம் போட்டு, கழுத்தில் மூன்று சுற்று சுற்றி, மிச்சத்தை வெட்டி முனையை அமுக்குங்கள். சுற்றாத வளையம் புடவைத் தலைப்பில் மாட்டினால் திறந்துகொள்ளும். காவடி நாள் கூட்டத்தில் கழன்று விழுந்தால் தேடி எடுக்க முடியாது.

கோர்ப்பதை நடுவிலிருந்து தொடங்குங்கள். ஒரு முனையிலிருந்து போனால் கடைசியில் நடு இலை ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். நடு இலைக்கு இருபுறமும் முதல் இரண்டு இடைவெளிகளில் பாசி 2, தொங்கல், பாசி 2. மற்ற இடைவெளிகளில் பாசி 3. குறைத்தால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இலைப் பகுதி சுமார் 10 செ.மீ. வரும், மிச்சம் பக்கத்துக்கு 16 செ.மீ. பாசி. இங்கே எண்ணாதீர்கள், அளவுகோலால் அளந்து பாருங்கள். பாசிக்குப் பாசி தடிமன் மாறும்.

கிரிம்ப் குழாயில் கம்பியை நுழைத்து, கொக்கி வளையத்தில் விட்டு, மீண்டும் குழாய் வழியாகவும் 2 செ.மீ. வரை பாசிகளுக்குள்ளும் செலுத்துங்கள். நெரிப்பதற்கு முன் மாலையைக் கழுத்து வளைவில் வளைத்துப் பாருங்கள். இறுக்கி முடித்தால் மாலை குச்சியாக விறைத்து, கிரிம்ப் பக்கத்தில் கம்பி அறும். 1–2 மி.மீ. தளர்வு போதும். அதைவிட அதிகம் விட்டால் வெறும் கம்பி தெரியும்.

5 மி.மீ. வளையத்தைத் திறக்கும்போது ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளித் திறவுங்கள். இழுத்து விரித்தால் திரும்ப வட்டமாகாது.