பழைய பிஎம்டபிள்யூ கியர்பாக்ஸ்: பிரிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) நீட்டித்து ஓடிக்கொண்டிருக்கும் பிஎம்டபிள்யூ இ60 கார்கள் பலவற்றில் இருப்பது, ஸெட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 6ஹெச்பி ஆட்டோ கியர்பாக்ஸ். காலையில் 'டி' போட்டால் இரண்டு விநாடி யோசிக்கும். சிக்னலில் நிற்கப்போகும் நேரத்தில் பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல் உதறும். உடனே "கியர்பாக்ஸ் போச்சு" என்று முழுதாக இறக்கக் கிளம்புவதுதான் முதல் தவறு. பெரும்பாலும் குற்றவாளி, மெக்கட்ரானிக்குக்கும் (கியர் மாற்றத்தை இயக்கும் வால்வுகளும் கணினியும் சேர்ந்த பாகம்) கியர்பாக்ஸ் உடலுக்கும் நடுவில் உள்ள ரப்பர் சீல்கள். வருடக்கணக்கான சூட்டில் அவை இறுகிவிட, ஆயில் அழுத்தம் ஓரமாகக் கசிகிறது. கியர்பாக்ஸை இறக்காமலே இவற்றை மாற்றலாம்.

அதற்கும் முன் பேட்டரியைச் சோதியுங்கள். வோல்டேஜ் இறங்கினாலே கியர்பாக்ஸ் அவசரநிலைக்குப் போய்விடும். ஸ்கேனர் காட்டும் ஃபால்ட் கோடுகளை (கோளாறு எண்கள்) குறித்துக்கொள்ளாமல் அழிக்காதீர்கள். சிஓஇ கணக்கையும் பாருங்கள்: 5 ஆண்டுக்கு நீட்டித்தது என்றால் மறுபடி நீட்டிக்க முடியாது. மிச்சம் ஒன்றரை வருடம்தான் என்றால் சீல் வேலை சரி, கியர்பாக்ஸை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ரீபில்டு வீண்செலவு.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் ஜாக் வைத்துச் செய்யும் வேலை அல்ல இது. அங்கே வாகனம் பழுதுபார்க்க அனுமதியும் கிடையாது. நாலு சக்கரமும் சமமாகத் தூக்கும் லிஃப்ட் வேண்டும்.

ஆயிலை இறக்கும் கீழ்ப் பிளக்கைத் திறக்குமுன், ஆயில் ஊற்றும் பக்கவாட்டு ஃபில் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். ஆயிலை இறக்கிய பிறகு அது இறுகிக் கிடப்பது தெரிந்தால், கார் லிஃப்டிலேயே மாட்டிக்கொள்ளும். ஆயில் பேனை (கியர்பாக்ஸின் அடித்தட்டு) கழற்றியதும் அதிலுள்ள காந்தங்களைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பு. பளபளக்கும் உலோகத் துணுக்கு இருந்தால் தேய்மானம் உள்ளே. சீல் மாற்றிப் பயனில்லை, அங்கேயே நிறுத்துங்கள்.

பேன் ஓரத்தில் ஆயில் சொட்டுகிறது என்று பேனை மட்டும் மாற்றுபவர்கள் அதிகம். பல நேரம் கசிவது, ஒயர் கனெக்டர் நுழையும் பிளாஸ்டிக் ஸ்லீவின் ஓ-ரிங். அதன் பூட்டு உள்பக்கம் இருப்பதால், பேன் கீழே இருக்கும்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

மெக்கட்ரானிக்கில் தலை பெரிய டி40 (நட்சத்திரக் குழி) போல்ட்டுகளை மட்டும் கழற்றுங்கள். சிறிய தலை உள்ளவை வால்வ் பாடியையே சேர்த்துப் பிடித்திருப்பவை. அவற்றைத் தொட்டால் வேறு கதையாகிவிடும். கனெக்டர் பின்களில் விரல் படக்கூடாது, உடம்பிலுள்ள நிலைமின்சாரமே உள்ளிருக்கும் கணினியைக் கெடுத்துவிடும். செவ்வக பிரிட்ஜ் சீல் எல்லாக் கியர்பாக்ஸுக்கும் ஒன்றல்ல. பழையதை அருகில் வைத்து ஒப்பிட்ட பிறகே புதியதைப் போடுங்கள். திரும்ப ஏற்றும்போது கியர் தேர்வு வால்வ், லீவர் பின்னில் சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்கவேண்டும். பேன் பிளாஸ்டிக். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக 10 நியூட்டன் மீட்டரில் முடுக்கினால் போதும், கூடினால் விரியும்.

வேலையையே கெடுப்பது ஆயில் அளவு. டிப்ஸ்டிக் இல்லை. ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்க, என்ஜின் ஓட, ஃபில் துளையில் மெல்ல வழிந்தால்தான் சரியான அளவு. சிங்கப்பூர் வெயிலில் பட்டறைக்குள்ளேயே 31, 32 டிகிரி. என்ஜினைக் கிளப்பியதும் கணக்கு தொடங்கிவிடும், நிதானிக்க நேரம் குறைவு. ஓட்டி வந்த காரில் உடனே பார்த்தால், சூட்டில் பெருத்த ஆயில் வெளியே கொட்டும், ஆறியதும் அளவு குறைந்து கிளட்ச் நழுவும். ஸ்கேனரில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே, பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி, 40 டிகிரியை ஒட்டி மூடுங்கள். ஸெட்எஃப்பின் சொந்த ஆயிலான லைஃப்கார்ட் 6, 8 லிட்டர் வாங்கி வைத்தால் நடுவில் தட்டாது. "எல்லா காருக்கும்" என்று விற்கும் ஆயில் வேண்டாம். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்பதையும் நம்பாதீர்கள்: 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டில் மாற்றச் சொல்வது ஸெட்எஃப் தானே.

கடைசியில் அடாப்டேஷனை (கியர்பாக்ஸ் கணினி பழகி வைத்திருக்கும் எண்கள்) ஸ்கேனரில் ரீசெட் செய்யாமல் ஓட்டிவிட்டு, "முன்பைவிட மோசம்" என்று திரும்ப வருகிறார்கள். பழைய கசிவுக்கு ஏற்பப் பழகிய எண்கள் அப்படியே இருந்தால் புது சீலுடன் ஒத்துப்போகாது. ரீசெட் செய்த பின் மிதமான ஆக்சிலரேட்டரில் எல்லாக் கியரும் மாறும்படி நிதானமாக ஓட்டுங்கள். முதல் நாள் சற்று முரட்டுத்தனமாக மாறினால் பதறவேண்டாம்.