படகு வீட்டில் மோட்டார், பேட்டரி: வாங்குவதற்கு முன் கயிற்றில் ஒரு தராசு

சின்னப் படகு வீட்டில் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் வைக்க நினைப்பவர்கள் எடுத்தவுடனே கேட்பது, எத்தனை கிலோவாட் மோட்டார் வாங்கணும் என்றுதான். அதை அப்புறம் பார்க்கலாம். எந்த வேகம் உங்களுக்குப் போதும் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற இந்த மாதிரிப் படகில் வேகம் இரட்டித்தால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும்.

உங்கள் படகுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அளந்தே பார்த்துவிடலாம். காற்றில்லாத காலையில் இன்னொரு படகை விட்டு இழுக்கச் சொல்லி, கயிற்றின் நடுவில் ஒரு தொங்கு தராசை மாட்டுங்கள். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் தராசு 45 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 9.8-ஆல் பெருக்கி, அப்புறம் வேகத்தால், அதாவது வினாடிக்கு 1.67 மீட்டரால் பெருக்கினால் சுமார் 735 வாட் வரும். ப்ரொப்பெல்லரிலும் மற்றதிலும் பாதி போய்விடும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 1.5 கிலோவாட் எடுக்க வேண்டியிருக்கும். இதே படகு 8 கி.மீ. வேகத்தில் 3.5 கிலோவாட்டும், 10 கி.மீ. வேகத்தில் 7 கிலோவாட்டும் கேட்கும். 10 யூனிட் பேட்டரியில் 8 யூனிட்டைச் செலவழித்தால் முதல் வேகத்தில் 32 கி.மீ. போகலாம், கடைசி வேகத்தில் 11 கி.மீ. தாண்டுவதே பெரிய விஷயம்.

ஆனால் மோட்டாரை 1.5 கிலோவாட்டில் வாங்கிவிடாதீர்கள். படகு வீட்டின் பக்கச்சுவர் முழுக்கக் காற்று வாங்கும், எதிர்க்காற்றில் இரண்டு மூன்று மடங்கு கையிருப்பு இல்லாவிட்டால் கரையோரம் ஒதுங்கிவிடுவீர்கள். 5 கிலோவாட் சரியாக இருக்கும், அதுவும் தொடர்ந்து ஓடும்போது தரக்கூடிய அளவைப் பார்த்து வாங்குங்கள். இடம் இருந்தால் பெரிய ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றவிடுவதுதான் லாபம்.

12 வோல்ட்டில் 5 கிலோவாட் எடுத்தால் 400 ஆம்பியருக்கு மேல் ஓடும், அதற்குக் கேபிள் ரொம்பத் தடிமனாக வேண்டும்; 48 வோல்ட்டில் சுமார் 100 தான். அதனால் 48 வோல்ட், லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 16 செல் வரிசையாக. ஈய பேட்டரி விலை குறைவுதான், ஆனால் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும், எடையும் தாங்காது. பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது, அந்தக் குளிர் உள்ள இடம் என்றால் அதைத் தானே நிறுத்தும் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துப் பாதுகாக்கும் மின்சுற்று) வாங்குங்கள். இன்ஜின் போனதும் படகின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், பேட்டரியை எங்கே வைப்பது என்பதை அதைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒயரிங். வெள்ளீயம் பூசிய செப்புக் கேபிள், பேட்டரிக்கு ஒட்டினாற்போல் கிளாஸ் டீ ஃப்யூஸ் (இந்த பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், சாதாரண கார் ஃப்யூஸால் அதை அறுக்க முடியாது), கைக்கு எட்டுகிற இடத்தில் மெயின் ஸ்விட்ச். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்கு ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் (முதலில் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவது) இல்லாமல் ஸ்விட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் ஒரே இழுப்பில் நிறையும், காண்டாக்ட் கருகும். அடித்தளத் தண்ணீரை இறைக்கும் பம்புக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி வையுங்கள், பி.எம்.எஸ். நடுராத்திரியில் எல்லாவற்றையும் அணைத்தாலும் பம்ப் ஓட வேண்டும். கூரையில் சோலார் போடுவது நல்லது, ஆனால் 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு சுமார் 4 யூனிட்தான் தரும், கரை சார்ஜர் இல்லாமல் முடியாது.

எல்லாம் முடிந்ததும் படகைக் கரையில் இரண்டு கயிறு போட்டுக் கட்டி, பாதி த்ராட்டிலில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு கேபிள் லக்கையும் (கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக வளையம்) பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் கொதித்தால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அதன் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், நட்டு இறுக்கமாக இருந்தும் கொதித்தால் லக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் போட்டு அழுத்துங்கள்.