மென்பவளத்துக்குப் புதுப் பேரினம்: மாதிரி எடுப்பதிலிருந்து பெயர் பதிவு வரை

மென்பவளங்களில் (கெட்டியான சுண்ணாம்புக் கூடு கட்டாத பவள விலங்குகளில்) புதுப் பேரினம் ஒன்றை நிறுவும் வேலையில் பாதிக்கு மேல், பழைய பேரினங்களின் வகைமாதிரிச் சிற்றினங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பதிலேயே கழியும். விலங்குகளில் பேரினப் பெயர் ஒரே ஒரு சிற்றினத்தோடு கட்டப்பட்டிருக்கிறது; அதுதான் வகைமாதிரிச் சிற்றினம். மரபுவழி மரத்தில் அந்தச் சிற்றினம் எந்தக் கிளையில் உட்காருகிறதோ, பெயரும் அந்தக் கிளைக்குத்தான் சொந்தம். மற்ற சிற்றினங்கள் நூறு இருந்தாலும் அவற்றுக்கு அதில் உரிமை கிடையாது.

சினுலேரியாவுக்கு நேர்ந்தது இதுதான். 1898இல் மே என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்க மாதிரிகளைக் கொண்டு நிறுவிய பேரினம். வகைமாதிரி சினுலேரியா பிராசிகா. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அதில் சேர்ந்தன. டிஎன்ஏ பார்த்தபோது பிராசிகா ஒரு பக்கமும் மற்ற பெருங்கூட்டம் இன்னொரு பக்கமுமாக விலகி நின்றன. 2022இல் எண்கதிர்ப் பவளங்களின் (மென்பவளங்களை உள்ளடக்கிய பெரும்பிரிவின்) வகைப்பாடு முழுவதும் திருத்தப்பட்டபோது, சினுலேரியா என்ற பெயர் பிராசிகாவோடு போய்விட்டது. பெருங்கூட்டத்துக்குப் புதுப்பெயர் வைத்தார்களா? இல்லை. மாலத்தீவு மாதிரிகளை வைத்து 1903இல் பிராட் என்ற ஆய்வாளர் உருவாக்கிய ஸ்கிளரோஃபைட்டம் என்ற பெயர், சினுலேரியாவின் இணைப்பெயராக (அதே பேரினத்துக்கு இட்ட இன்னொரு பெயராக) ஒதுக்கப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வகைமாதிரி அந்தக் கூட்டத்துக்குள் இருந்ததால் அதையே எழுப்பினார்கள். ஆகவே உங்கள் கிளைக்குள் பழைய பேரினப் பெயர் எதனுடைய வகைமாதிரியாவது இருந்தாலும் புதுப்பெயருக்கு இடமில்லை. இணைப்பெயர்ப் பட்டியலை முதலிலேயே எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் வகைமாதிரி எது, அது எங்கே கிடைத்தது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று அட்டவணை போட்டுவிடுங்கள்.

மாதிரி எடுக்கும் முன் அனுமதி. மன்னார் வளைகுடா போன்ற கடல்சார் தேசியப் பூங்காவாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது. தண்ணீருக்குள் பாலிப்கள் (பவளக் கூட்டத்தின் தனித்தனிச் சிற்றுயிர்கள்) விரிந்த நிலையில் ஒரு படம், தொட்டுச் சுருங்கியபின் ஒரு படம், அளவுகோலோடு ஒரு படம் எடுங்கள். வெட்டும்போது மேல்மடல் மட்டும் போதாது. அடிப்பகுதியும் சேர்ந்து வர வேண்டும். அடித்தண்டின் உள்பக்கம் இல்லாத மாதிரியைப் பேரின அளவில் நிர்ணயிக்கவே முடியாமல் போகலாம். அருங்காட்சியக அலமாரிகளில் பயனில்லாமல் கிடக்கும் மென்பவளத் துண்டுகளில் பல இந்த வகைதான்.

உருவ ஆய்வுக்கு 70% எத்தனால். டிஎன்ஏவுக்கு விரல்நுனி அளவுத் துண்டு 95% எத்தனாலில், திசுவைப்போல் பத்து மடங்கு திரவத்தில். மறுநாளே திரவத்தை மாற்றுங்கள். மென்பவளத்தின் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அது எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். நாள்பட அது அமிலமாகி, சுண்ணாம்பாலான ஸ்கிளரைட்டுகளை அரித்துவிடும், டிஎன்ஏவும் கெடும்.

ஸ்கிளரைட்டு என்பது திசுவுக்குள் புதைந்திருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துணுக்கு. அடையாளத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஐந்து இடங்களிலிருந்து தனித்தனியாக எடுக்க வேண்டும்: பாலிப், மடலின் மேற்பரப்பு, மடலின் உள்பகுதி, அடித்தண்டின் மேற்பரப்பு, அடித்தண்டின் உள்பகுதி. ஒவ்வொன்றிலும் குண்டூசித் தலையளவு திசு போதும். ஒவ்வோர் இடத்துக்கும் பிளேடை மாற்றுங்கள். மேற்பரப்பின் கதாயுத வடிவத் துணுக்குகள் உள்பகுதிக் கண்ணாடித் தகட்டில் கலந்துவிட்டால், இல்லாத ஒரு பண்பை இருப்பதாக எழுதிவிடுவீர்கள்.

திசுவை ஒற்றியெடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து எத்தனாலைப் போக்கிய பிறகே பிளீச் சேர்க்க வேண்டும். இரண்டும் நேராகக் கலந்தால் நச்சுப் பொருட்கள் உண்டாகும். வீட்டு உபயோக சோடியம் ஹைப்போகுளோரைட், 5% அளவு, புதுப் புட்டியாக இருக்கட்டும். பழையது வீரியம் குறைந்து திசுவைப் பாதியில் விட்டுவிடும். நுரை அடங்கும்வரை காத்திருங்கள், கலக்காதீர்கள். இருமுனையும் கூர்ந்த நீளமான கதிர்வடிவத் துணுக்குகள் எளிதில் ஒடியும். துணுக்குகள் அடியில் படிந்தபின் மேல்திரவத்தை உறிஞ்சி எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் நான்கைந்து முறை கழுவுங்கள். கழுவல் போதாவிட்டால் உலரும்போது உப்புப் படிகங்கள் துணுக்குகளின் மேல் ஒட்டி, மின்னணு நுண்ணோக்கியில் மருக்களைப்போலவே தெரியும். கடைசியாக ஒருமுறை எத்தனால், பிறகு உலர்த்தல். ஒளி நுண்ணோக்கிக்குக் கண்ணாடித் தகடு; ஸ்கேனிங் மின்னணு நுண்ணோக்கிக்குத் தங்கப்பூச்சு. ஒவ்வோர் இடத்திலும் இருபது முப்பது துணுக்குகளையாவது அளந்து, சிறியது முதல் பெரியது வரை வீச்சாக எழுதுங்கள். அழகான ஒன்றைப் பொறுக்கிப் படம் போடுவது எல்லாருக்கும் வரும் ஆசை, சராசரியானதையும் போடுங்கள்.

அடுத்துப் பாலிப்களைப் பாருங்கள். சார்கோஃபைட்டன், லோபோஃபைட்டம் என்ற மென்பவளப் பேரினங்கள் இருவகைப் பாலிப் கொண்டவை. கைகளுள்ள பெரியவற்றுக்கு இடையே, நீரை ஓட்டும் சிறியவை புள்ளிகளாகத் தெரியும். ஸ்கிளரோஃபைட்டத்தில் ஒரே வகைதான். நன்றாகச் சுருங்கிய மாதிரியில் சிறியவை மறைந்துவிடும் என்பதால், 'இல்லை' என்று எழுதுமுன் மேற்பரப்பைச் சீவி உருப்பெருக்கியில் பாருங்கள். அடித்தண்டின் உள்ளே, ஸ்கிளரோஃபைட்டத்தில் சில மில்லிமீட்டர் வரை நீளும், வெறுங்கண்ணுக்கே தெரியும் கதிர்கள் இருக்கும். லோபோஃபைட்டத்தில் மருக்கள் வளையங்களாக அமைந்த சிறிய பீப்பாய் வடிவங்கள் இருக்கும். காளான்போலக் குடை விரித்திருக்கிறதா, மடல்களோடு படர்ந்திருக்கிறதா என்ற வெளித்தோற்றத்தை மட்டும் நம்பிப் பேரினம் சொல்ல வேண்டாம். 2006இல் வெளியான மரபணு ஆய்வில் சார்கோஃபைட்டனுக்கு ஒரு கிளை, லோபோஃபைட்டத்துக்கு ஒரு கிளை, இரண்டு தோற்றமும் கலந்த மூன்றாவது கிளை என்று வந்தது.

டிஎன்ஏவுக்கு எண்கதிர்ப் பவளங்களுக்கே உரிய மைட்டோகாண்ட்ரிய மரபணு மட்-எஸ், உட்கருவின் 28எஸ், இரண்டையும் எடுங்கள். இவற்றின் மைட்டோகாண்ட்ரியா மிக மெதுவாக மாறுவதால் வெவ்வேறு சிற்றினங்கள்கூட ஒரே வரிசையைக் காட்டும். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வேலை செய்யாவிட்டால், அதைத் தடுக்கும் பவளச் சளிப்பொருள்மேல்தான் முதல் சந்தேகம். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். 28எஸ்-இல் உள்ளே வாழும் பாசியின் வரிசை வந்துவிடாமல் தரவுத்தளத்தில் ஒப்பிடுங்கள். இரண்டு மரபணுக்கள் இரண்டு மரங்களைக் காட்டினால் கலப்பினமாக இருக்கலாம், மென்பவளங்களில் அது உண்டு. அந்த நிலையில் பெயரைத் தள்ளிவைத்து, டிஎன்ஏவின் நூற்றுக்கணக்கான மரபிடங்களை (தனித்தனிப் பகுதிகளை) ஒரே சமயத்தில் படிக்கும் முறைக்குப் போங்கள்.

மரம் போடும்போது பக்கத்துப் பேரினங்களின் வகைமாதிரிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பழைய ஹோலோடைப்பில் (சிற்றினப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மூல மாதிரியில்) டிஎன்ஏ தேறாது என்றால், அது முதலில் கிடைத்த இடத்திலிருந்தே புதிதாக எடுத்து, ஸ்கிளரைட்டுகளை ஹோலோடைப்போடு ஒப்பிட்டபின் பயன்படுத்துங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: உங்கள் கிளையைப் பிரித்தெடுத்தபின் மிச்சமிருக்கும் பழைய பேரினம் ஒரே மூதாதையின் முழு வாரிசுக் கூட்டமாக நிற்கிறதா? நிற்காவிட்டால் ஒரு குழப்பத்தைத் தீர்த்து இன்னொன்றை உண்டாக்குகிறீர்கள்.

இதையெல்லாம் தாண்டிவந்தால் பெயர். விலங்குலகம் முழுவதிலும் அதே பேரினப் பெயர் வேறெதற்கும் இருக்கக்கூடாது. வண்டும் புதைபடிவ நத்தையும் கணக்கில் உண்டு, செடிகொடிகள் இல்லை. உலகக் கடல்வாழ் இனப் பதிவேட்டில் மட்டும் தேடினால் போதாது, நிலத்து விலங்குகளையும் கொண்ட பெயர்ப்பட்டியல்களிலும் தேடுங்கள். ஓரெழுத்து வேறுபட்டாலும் விதிப்படி செல்லும், ஆனால் வாசிப்பவருக்குத் தொல்லை.

பெயரின் லத்தீன் இலக்கணப் பாலைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். சினுலேரியா பெண்பால், ஸ்கிளரோஃபைட்டம் அலிப்பால் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாதது). அதனால் சினுலேரியாவிலிருந்து மாறிய சிற்றினப் பெயர்களில் பாலிடாக்டைலா பாலிடாக்டைலம் ஆனது, ஃபிளெக்சிபிலிஸ் ஃபிளெக்சிபிலே ஆனது. பெயரடைகள் மட்டுமே இப்படி மாறும், பெயர்ச்சொல்லாக நிற்பவை மாறா.

கட்டுரையில் இருக்க வேண்டியவை: 'புதிய பேரினம்' என்ற வெளிப்படையான அறிவிப்பு, மற்றப் பேரினங்களிலிருந்து பிரித்துக் காட்டும் பண்புகள், வகைமாதிரிச் சிற்றினம் எது என்ற நேரடி வாக்கியம். 1930க்குப் பின் வந்த பேரினப் பெயருக்கு இந்தக் கடைசி வாக்கியம் விடுபட்டால் அது செல்லாது. வகைமாதிரியும் புதுச் சிற்றினமானால் ஹோலோடைப் எது, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும். இந்தியாவில் கிடைத்த புதுச் சிற்றினமென்றால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சான்றுமாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியாவதானால் முன்கூட்டியே ஸூபேங்கில் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேட்டில்) பதிந்து, அந்த எண்ணைக் கட்டுரைக்குள் அச்சிட வேண்டும். கருத்தரங்குச் சுருக்கத்திலோ முன்பதிப்பிலோ (இதழில் வருமுன் இணையத்தில் விடும் வடிவிலோ) பெயரை விட்டுவிடாதீர்கள், அங்கே 'பேரினம் அ' போதும்.

இறுதியில் புதுப் பேரினத்துக்கு மாறும் ஒவ்வொரு சிற்றினத்தையும் பட்டியலிட்டு, முதலில் விவரித்தவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்: ஸ்கிளரோஃபைட்டம் பாலிடாக்டைலம் (எஹ்ரென்பெர்க், 1834). நீங்கள் ஹோலோடைப்பைப் பார்க்காத சிற்றினங்களைத் தனியே பிரித்து, மாற்றம் உறுதியாகாதவை என்று குறித்துவிடுங்கள்.