அமெரிக்கக் கல்லூரி வாலிபாலில் பயிற்சியாளரைத் தேர்வு செய்வது எப்படி?

பெண்கள் டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடியும். புதியவரைத் தேட ஆரம்பிப்பதற்கு முன்பே ஐந்தாறு பெயர்கள் கையில் இருக்க வேண்டும். பதவி காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் வீராங்கனைகள் வேறு கல்லூரிக்கு மாற யோசிப்பார்கள்.

நேர்காணலில் வெற்றிக் கணக்கைக் கேட்டு மயங்காதீர்கள். வெள்ளைப் பலகையையும் மார்க்கரையும் கொடுத்து, ஆறு ரொட்டேஷன்களிலும் (வீராங்கனைகள் இடம் சுழன்று நிற்கும் நிலைகள்) எதிரணியின் சர்வீஸை எடுக்கும் அமைப்பை வரையச் சொல்லுங்கள். செட்டர் (அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவர்) முன்வரிசையில் இருக்கும் மூன்று ரொட்டேஷன்களில் வலையோரம் அடிக்க இருவர்தான். அங்கே புள்ளிகள் தொடர்ந்து போனால் என்ன செய்வார்? "டைம் அவுட் எடுப்பேன்" என்பதோடு நிறுத்துபவர் வேண்டாம். பின்வரிசைத் தாக்குதலை எங்கிருந்து, யாரை வைத்து என்று சொல்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உதவியாளர்களைத் தலைமைப் பயிற்சியாளரே தேர்ந்தெடுக்கட்டும். சம்பளத் தொகையை மட்டும் முதலிலேயே எழுத்தில் கொடுங்கள். ஒருவர் செட்டர் பயிற்சிக்கு, ஒருவர் ஆள்சேர்ப்புக்கு. ஊதியமற்ற 'வாலண்டியர் கோச்' என்ற வகை 2023 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டது, பழைய பட்ஜெட்டை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் உள்ள பரிந்துரையாளர்கள் புகழத்தான் செய்வார்கள். விண்ணப்பித்தவரிடம் ஆடி, பாதியில் விலகிய இருவரிடம் பேசுங்கள்.